மங்களம் மோட்டார்ல ஏறின படம்

ஒரு மனுஷன் ஒரு படத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தா, அவன் பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்பி வரணுமா வேண்டாமா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, அதனால கேக்குறேன். இல்ல, நீங்க பேப்பரைப் படிங்க, பரவாயில்ல. ரயில் தஞ்சாவூர் தாண்டி திருச்சிராப்பள்ளி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. பேப்பர்ல இருக்கிறது எங்கேயும் ஓடிப் போயிடாது.

என் பேரு தாயுமானவன். குளித்தலையில பாத்திரக்கடை வச்சிருக்கேன். விலைக்கும் கொடுப்பேன், வாடகைக்கும் கொடுப்பேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவா இருந்தாலும் அண்டா நம்ம கடையிலேர்ந்துதான் போகணும். இந்தப் பொட்டலத்துல ஜாங்கிரி இருக்கு, எடுத்துக்குங்க. கும்பகோணத்துல ஒருத்தருக்காக வாங்கினது, அவங்க வாங்கிக்கல. சும்மா எடுத்துக்குங்க, கெட்டுப் போறதுக்குள்ள யாராவது சாப்பிடணுமில்ல.

விஷயம் என்னன்னா, போன வைகாசியில எங்க ஊருக்கு ஒரு டேரா பயாஸ்கோப்பு வந்துச்சு. ஆத்தோரத்துல கூடாரம் அடிச்சு, எண்ணெய் எஞ்சினை வச்சு, ஊரே அதிரும்படி ஓட்டினாங்க. வெள்ளைக்காரன் படம். படத்துல யாரும் பேச மாட்டாங்க, வாய் மட்டும் அசையும். நடு நடுவுல இங்கிலீஷ்ல எழுத்துப் போடுவான். அதைப் படிக்கிறதுக்கு எங்க ஊர்ல யாரு இருக்கா? ஸ்டேஷன் மாஸ்டர் படிப்பாரு, அவரும் மெதுவாத்தான் படிப்பாரு. அதனால கதை சொல்றதுக்குன்னே கம்பெனியில ஒரு ஆள் வச்சிருந்தாங்க. சவரிமுத்துன்னு பேரு. கையில ஒரு மூங்கில் குச்சியை வச்சுக்கிட்டு திரைக்குப் பக்கத்துல நிப்பான். இவன் யாரு, இவ யாரு, இவன் ஏன் முழிக்கிறான், இவ ஏன் சிரிக்கிறா, எல்லாம் அவன்தான் சொல்லணும். குரல்னா அப்படி ஒரு குரல். அக்கரையில முசிறி வரைக்கும் கேக்கும்.

வெள்ளைக்காரப் பேரெல்லாம் நம்ம ஜனங்க வாயில நுழையாதுன்னு அவனே நம்ம பேரா வச்சுடுவான். ஊருக்கு ஊர் வேற வேற பேரு. இதை நீங்க ஞாபகத்துல வச்சுக்கணும், ஏன்னா வம்பு அங்கதான் ஆரம்பிச்சது.

கம்பெனிக்காரங்க சமையலுக்குப் பாத்திரம் கேட்டு என்கிட்டதான் வந்தாங்க. வைகாசி மாசம் பாருங்க, முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம், கடையில ஒரு சொம்பு கூட மிச்சம் இல்ல. வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்புறது எனக்குப் பழக்கம் இல்ல. வீட்டுப் பரண்ல மங்களத்தோட சீர்ப் பாத்திரமெல்லாம் சும்மாதான் கிடந்துச்சு. கடை ஆளை விட்டு எல்லாத்தையும் இறக்கிக் கொடுத்துட்டேன். மங்களம்தான் என் வீட்டுக்காரி. வாசல்ல நின்னு, "அது எங்க அம்மா வீட்டுச் சீருங்க"ன்னா. "பித்தளைக்கு அம்மா வீடு என்ன, மாமியார் வீடு என்ன? வெளியில போய் வந்தாத்தான் பாத்திரம் பளபளன்னு இருக்கும்"னேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. அவ எப்பவுமே அப்படித்தான், சொன்னா புரிஞ்சுக்குவா.

பாத்திரம் கொடுத்த மரியாதைக்கு முதல் நாள் எனக்கு இலவசமா நாற்காலி போட்டாங்க. படம் ஆரம்பிச்சுது. தொப்பிக்கடை வச்சிருக்கிற ஒரு வெள்ளைக்காரன். கொஞ்சம் தொந்தி, கொஞ்சம் வழுக்கை. சவரிமுத்து குச்சியால அவனைத் தொட்டு, "இதோ நிக்கிறாரே, இவர்தான் கடைக்காரர் தாயுமானவன்"னான். கூடாரமே கை தட்டுது. நான் என்ன நினைச்சேன்? பாத்திரம் கொடுத்த ஆளைக் கௌரவிக்கிறாங்க போலிருக்குன்னு எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டுட்டு உட்கார்ந்தேன்.

அடுத்தாப்புல இறகு வச்ச தொப்பி போட்டுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரி வர்றா. "இவங்க அவரோட சம்சாரம் மங்களம்." அதுவும் சரி, வீட்டைச் சேர்த்துத்தான் கௌரவிக்கிறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு மோட்டார்ல ஒருத்தன் வந்து இறங்குறான். "இவன்தான் கும்பலிங்கம். மங்களத்துக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னு கேளுங்க. கும்பலிங்கம்ங்கிறது மங்களத்தோட அத்தை மகன். நிஜமாவே. அவளைக் கட்டிக்க முறை உள்ளவன். ஜாதகம் சரியில்லன்னு அந்த இடத்தை விட்டுட்டு எனக்குக் கொடுத்தாங்க. தஞ்சாவூர்ல தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கிறான். எங்க கல்யாணத்துக்கு வந்து ஒரு அண்டா வச்சான். பேரெல்லாம் வெட்டி, பெரிய அண்டா. கல்யாணத்துக்கு அவ்வளவு பெரிய அண்டா எதுக்கு வைக்கணும்னு அப்பவே எனக்குள்ள ஒரு யோசனை.

நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், மங்களம் அந்தக் கும்பலிங்கத்தோட மோட்டார்ல ஏறி உட்கார்றா. சிரிச்சுக்கிட்டே. புருஷன் பின்னாடி ஒரு குதிரை வண்டியில ஒளிஞ்சுக்கிட்டு போறான். கூடாரத்துல எல்லாரும் திரையைப் பார்க்கல, என்னைப் பார்க்கிறாங்க. எழுந்து வந்துட்டேன். எந்த மானமுள்ள மனுஷனும் அப்படித்தான் செய்வான்.

மறுநாளும் போனேன். முதல் நாள் நம்ம காதுல ஏதாவது கோளாறோ என்னவோன்னு சரி பார்க்கணுமில்ல? அதே தாயுமானவன், அதே மங்களம், அதே கும்பலிங்கம். அவ மோட்டார்ல ஏறினதும் எழுந்து வந்துட்டேன். நான் வெளியில வர வர உள்ளே சிரிப்பு. அந்தப் படத்துல நான் போனதுக்கு அப்புறம்தான் ஜனங்க ரொம்பச் சிரிக்கிறாங்கன்னு பிற்பாடு தெரிஞ்சுது. கூடாரத் துணியே கிழியிற மாதிரிச் சிரிப்பாங்களாம்.

பகல்ல போய் சவரிமுத்துவைப் புடிச்சேன். ஆல மரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். "யாருய்யா உனக்கு என் வீட்டுச் சங்கதியைச் சொன்னது?"ன்னு கேட்டேன். அவன் எழுந்து நின்னுட்டான். "ஐயா, எனக்கு உங்களையே தெரியாதுங்க. ஒவ்வொரு ஊர்லயும் சமையலுக்கு வர்ற பாத்திரத்துல வெட்டியிருக்கிற பேரைப் பார்த்துத்தான் நான் பேரு வைக்கிறது. அந்தந்த ஊர்ல பழகின பேரா இருக்குமில்லீங்களா?"ன்னான். காட்டவும் காட்டினான். அண்டாவுல 'மங்களத்துக்கு கும்பலிங்கம் அன்பளிப்பு'ன்னு இருக்கு. கரண்டியில என் பேரு, அது கடை அடையாளம். குடத்துல ரஞ்சிதம்.

"ரஞ்சிதமா? அது எங்கய்யா படத்துல வருது?"ன்னேன்.

"கடைசிச் சுருள்ல வருதுங்க. நீங்க அதுக்குள்ள எழுந்து போயிடுறீங்க."

நீங்களும் ஆம்பளை, நானும் ஆம்பளை, அதனால சொல்றேன். லாலாபேட்டையில எனக்கு ஒரு இடம் உண்டு. ரஞ்சிதம்னு பேரு. குளித்தலைக்கு அடுத்த ஸ்டேஷன்தான். சனிக்கிழமை ராத்திரி வண்டியில போவேன், ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். வீட்டுல பாக்கி வசூல்னு சொல்றது. இது ஊர் உலகத்துல இல்லாத விஷயம் இல்ல. அந்தக் குடம் போன பொங்கலுக்கு நான் அவளுக்குப் பேரு வெட்டிக் கொடுத்தது. இடுப்புல வச்சா கனக்குது, சின்னதா கொடுங்கன்னா. சின்னதைக் கொடுத்துட்டு இதைத் திருப்பி வாங்கிட்டு வந்து, சாக்குல சுத்திப் பரண்ல போட்டிருந்தேன். நல்ல பித்தளையைத் தூக்கியா எறிய முடியும்? சீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது கடை ஆளு அதையும் சேர்த்து இறக்கிட்டான் போல. அது அவன் தப்பு.

நான் நிதானமா யோசிச்சுப் பார்த்தேன். ரஞ்சிதம் விஷயத்துல சவரிமுத்து சொல்றது உண்மையாத்தான் இருக்கணும். குடத்துல பேரு இருக்கு, பார்த்திருப்பான், வச்சிருப்பான். அதுவும் இல்லாம ரஞ்சிதம்ங்கிறது தெருவுக்குத் தெரு இருக்கிற பேரு. ஆனா மங்களம், கும்பலிங்கம், இந்த ரெண்டு பேரும் சேர்ந்து வருதுன்னா? அதுவும் அண்டாவுலேர்ந்து? யாரோ சொல்லாம அப்படி வராது. நீங்க என்ன தலையை ஆட்டுறீங்க? வண்டி ஆட்டுதா, சரி.

நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு குடும்பஸ்திரீயைப் பயாஸ்கோப்புல வச்சு அவமானப்படுத்துறாங்கன்னு சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட பிராது சொன்னேன். நல்ல கண்டிப்பான மனுஷன். அன்னிக்கே சீருடையோட வந்து முழுப் படத்தையும் பார்த்தாரு. மறுநாள் காலையில நான் போய் நின்னா, என் மூஞ்சியைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கிறாரு. இருமல் போல. "ஓய், கடைசிச் சுருளைப் பார்த்தீரா?"ன்னாரு. "இல்லீங்க"ன்னேன். "போய்ப் பார்த்துட்டு வாரும். அதுக்கு அப்புறமும் பிராது கொடுக்கணும்னு தோணினா வாரும், நானே எழுதிக்கிறேன்." இப்படித்தான் இருக்கு சர்க்கார் லட்சணம்.

இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க மங்களத்தைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுவரைக்கும் அவ பயாஸ்கோப்பு பார்த்ததே இல்ல. நான் எங்கே கூட்டிட்டுப் போறது, கடை இருக்கு, வசூல் இருக்கு. பொம்பளைங்க பக்கம் உட்கார்ந்து, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்த்துட்டு வந்தா. வந்து எனக்குச் சோறு போட்டா. ரசம் ஊத்தினா. நான் அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். குற்றம் உள்ளவ மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்க்கணுமில்ல. ஒண்ணுமே தெரியல. அதுலதான் எனக்குச் சந்தேகம் அதிகமாயிடுச்சு.

"கும்பலிங்கத்தை நீ எப்பக் கடைசியாப் பார்த்தே?"ன்னு கேட்டேன்.

"நம்ம கல்யாணத்துல"ன்னா. சொல்லிட்டு, "நீங்க அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?"ன்னு கேட்டா.

"அந்தக் கண்றாவியை எதுக்கு நான் கடைசி வரைக்கும் பார்க்கணும்?"

"ஒரு தடவை என்கூட வந்து உட்கார்ந்து பாருங்க. நான் வேற எதுவும் கேக்கல. திட்டல, அழல. கடைசி வரைக்கும் உட்காருங்க, அவ்வளவுதான்."

அவ கேட்ட விதம் எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்கிட்ட எதுவும் கேட்டது இல்ல. சரி, தன் கதையைப் புருஷன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசைப்படுறா போலிருக்கு, பொம்பளை மனசு யாருக்குத் தெரியும்னு ஒத்துக்கிட்டேன். கடைசி ஆட்டத்துக்கு வர்றேன்னு சொன்னேன். கடைசி ஆட்டம் சனிக்கிழமை.

போனேங்க. சொன்ன சொல்லை நான் மீறல. அவளைப் பொம்பளைங்க பக்கம் உட்கார வச்சுட்டு நான் நாற்காலியில உட்கார்ந்தேன். மோட்டார் வந்துச்சு, மங்களம் ஏறினா, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே இல்ல. அப்புறம் சுருள் மாத்துறதுக்கு விளக்கைப் போட்டாங்க. அப்பத்தான் நேரத்தைப் பார்த்தேன். வண்டிக்கு நேரம் ஆயிடுச்சு. அதை விட்டா லாலாபேட்டைக்கு வேற வண்டி கிடையாது. ரஞ்சிதம் அன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சிருப்பா. நான் என்ன செய்ய? எழுந்து நின்னு, பொம்பளைங்க பக்கம் பிரிச்சுக் கட்டியிருந்த கயித்துக்கு அந்தப் பக்கம் இருந்த மங்களத்துக்கு, நீ இருந்து பார்த்துட்டு வான்னு கையைக் காட்டினேன். அவளும் எழுந்து நின்னா. என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. பக்கத்துப் பொம்பளை அவ கையைப் புடிச்சு இழுத்து உட்கார வச்சா. நான் ஓடிப்போய் வண்டியைப் புடிச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா வீடு பூட்டிக் கிடக்கு. சாவி பக்கத்து வீட்டுல. கம்பெனிக்காரங்க கூடாரத்தைப் பிரிக்கும்போது மங்களம் நேரா அங்கே போயி, தன் பேரு வெட்டின பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சு எடுத்துக்கிட்டு ரயில் ஏறிட்டாளாம். என் பொருள் ஒரு துரும்பு கூட எடுத்துட்டுப் போகல, நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். ரஞ்சிதத்தோட குடத்தை மட்டும் நல்லாப் புளி போட்டுத் தேய்ச்சு, கூடத்துல நடுவுல வச்சிருந்தா.

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. நேரா தஞ்சாவூருக்கு ஓடினேன், கும்பலிங்கம் வீட்டுக்கு. கையும் களவுமாப் புடிக்கணும்னு சொல்லாம கொள்ளாம கொல்லைப் பக்கமாப் போனேன். அங்கே கும்பலிங்கம் ஒரு குழந்தைக்குக் கால் கழுவி விட்டுக்கிட்டு இருக்கான். சுத்திலும் குழந்தைங்க, எல்லாம் அவனுதுதான். தலை நரைச்சுப் போச்சு. மீசையே இல்ல. "மங்களம் எங்கடா?"ன்னேன். "எந்த மங்களம்?"ன்னான். நடிப்புன்னா அது நடிப்பு. "குளித்தலை மங்களம்"னு சொன்னதும், "ஓ, பாத்திரக்கடைக்குக் கொடுத்தாங்களே, அந்தப் புள்ளையா? நல்லா இருக்கா?"ன்னு கேக்குறான். அவன் பெண்டாட்டி வந்து காபி கொடுத்தா. குடிச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் விசாரிச்சா, மங்களம் கும்பகோணத்துல அவ அக்கா வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சுது. என் சகலைக்கு அங்கே ஜவுளிக்கடை. போனேன். "வாங்க சகலை"ன்னு மரியாதையா உட்கார வச்சாரு. மங்களம் வெளியில வரல. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு பேசினா. "முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க. பார்த்துட்டு வந்து என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. நான் உங்ககூட கிளம்பி வர்றேன்"னா. சத்தியம் பண்ணிச் சொன்னா. சகலை சாட்சி, அவ அக்கா சாட்சி.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, அவ இல்லாத வீட்டுல எனக்கு இருப்பே கொள்ளல. கடையைச் சாத்திட்டு வந்தா உள்ளே யாரும் இல்ல. நானே வடிச்சுக்கிற சோறு தொண்டையில இறங்கல. ராத்திரி விளக்கைக் கூட ஏத்தத் தோணாம அப்படியே படுத்துடுவேன். அவ இருந்தப்ப அவகூட நான் என்ன பேசினேன், ஒண்ணும் பேசினது இல்ல. ஆனாலும் ஆள் இருக்கிற வீடு வேற, இல்லாத வீடு வேற. ரஞ்சிதமே சொன்னா, "போய்க் கூட்டிட்டு வாங்க, பாவம்"னு. அவளுக்கு நல்ல மனசு.

சரின்னு கம்பெனியைத் தேடிக் கிளம்பினேன். நாகப்பட்டினம் போனா, திருவாரூர் போயிட்டாங்கன்னான். திருவாரூர் போனா, அங்கே மழையில கூடாரம் கிழிஞ்சு மன்னார்குடிக்குப் போயிட்டாங்கன்னான். கடையை ஆளுகிட்ட விட்டுட்டு நான் பயாஸ்கோப்புக்குப் பின்னாடி ஊர் ஊரா அலையுறேன். சொந்தக்காரங்க காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?

நேத்து மன்னார்குடியில புடிச்சேன். என்னைப் பார்த்ததும் சவரிமுத்து குச்சியைத் தூக்கிக்கிட்டு பின்னால போறான். "பயப்படாதய்யா, முழுப் படம் பார்க்க வந்திருக்கேன்"னேன். "கடைசிச் சுருளையுமா?"ன்னான். "ஆமா"ன்னேன். "தைரியம்தாங்க உங்களுக்கு"ன்னு சொல்லி முன்னாடி பெஞ்சுல இடம் போட்டுக் கொடுத்தான்.

படத்தைப் பத்திச் சொல்றேன் கேளுங்க. முதல் விஷயம், பேரையெல்லாம் மாத்திட்டாங்க. நான் போட்ட பிராது வேலை செஞ்சிருக்கு பாருங்க. தாயுமானவனும் இல்ல, மங்களமும் இல்ல. தொப்பிக்கடைக்காரன் பேரு அருணாசலம். அவன் பெண்டாட்டி சிவகாமி. மோட்டார்க்காரன் எவனோ வேலாயுதம். மனசு அப்படியே லேசாயிடுச்சு. காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன்.

சிவகாமி வேலாயுதத்தோட மோட்டார்ல ஏறிப் போறா. இந்த அருணாசலம் பய குதிரை வண்டியில ஒளிஞ்சு ஒளிஞ்சு பின்னாடியே போறான். பாலம் தாண்டி, சந்தை தாண்டி, மோட்டார் ஒரு வீட்டு வாசல்ல நிக்குது. அருணாசலம் இறங்கிப் பார்க்கிறான், பார்த்தா மூஞ்சி வெளுத்துப் போகுது. ஏன்னா அது அவனோட வைப்பாட்டி வீடு. பொன்னம்மான்னு பேரு. பெண்டாட்டியைப் புடிக்கப் போனவன் தன் வைப்பாட்டி வீட்டு வாசல்ல போய் நிக்கிறான். நான் சிரிச்சேன் பாருங்க, பக்கத்துல இருந்தவரு தோளைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

நடந்தது என்னன்னா, அந்த சிவகாமி ஒரு தப்பும் செய்யலீங்க. மோட்டார்க்காரன் அவளுக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. புருஷன் வாராவாரம் எங்கே போறான்னு கண்டுபுடிக்கத்தான் அவனைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கா. இந்த முட்டாள் கொல்லைப்புற ஜன்னல் வழியா உள்ளே குதிக்கிறான். பொன்னம்மா ஓடி வந்து, எல்லாரும் பார்க்க அவன் தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டுறா, எப்பவும் மாட்டுற ஆணி. அதைப் பார்த்துட்டு சிவகாமி அப்படியே உட்கார்ந்துடுறா. கூடாரத்துல சிரிப்பு தாங்கல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வாராவாரம் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல போனா மாட்டிக்க மாட்டானா? அந்த அளவுக்கு யோசனை இல்லாத பயல் எல்லாம் எப்படிக் கடை நடத்துறான்னு நினைச்சேன்.

கடைசியில அவன் மண்டி போடுறான். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு, "சிவகாமி, தப்புப் பண்ணினவன் நான், உன்னைச் சந்தேகப்பட்டேன், என்னை மன்னிச்சுடு"ன்னு சவரிமுத்து உருக்கமாச் சொல்றான். சொல்லும்போது ஏனோ என்னையே பார்த்துச் சொன்னான். அப்புறம் சிவகாமி சிரிச்சுட்டு அவன் கையைப் புடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுறா. நல்ல படங்க. குடும்பத்தோட பார்க்கலாம்.

இன்னிக்குக் காலையில கும்பகோணத்துல இறங்கி, ஜாங்கிரி வாங்கிக்கிட்டு, சகலை வீட்டுக்குப் போனேன். "பார்த்துட்டேன்"னு வாசல்லேர்ந்தே சொன்னேன். இந்தத் தடவை மங்களம் வெளியில வந்தா. உள்ளே மூட்டை கட்டி வச்சிருந்தா, நான் கண்ணால பார்த்தேன். பொய் சொல்லல. கிளம்பத் தயாரா இருந்தா.

"கடைசி வரைக்குமா?"ன்னா.

"கடைசி வரைக்கும். விளக்குப் போட்டதுக்கு அப்புறம்தான் எழுந்தேன்."

"என்ன பார்த்தீங்க, சொல்லுங்க"ன்னா. குரல் எல்லாம் மெதுவா இருந்துச்சு. கல்யாணமான புதுசுல அப்படித்தான் பேசுவா.

நான் சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன். "பெண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல மங்களம். அவ தங்கமானவ. எல்லாத் தப்பும் அந்தப் புருஷன் மேலதான். தான் ஒருத்தியை வச்சுக்கிட்டு பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான் பாரு, அவனையெல்லாம் நிக்க வச்சு அடிக்கணும்"னேன். அவ கண்ணுல தண்ணி. படியில இறங்கி ரெண்டு எட்டு என் பக்கம் வந்துட்டா. அவ அக்கா உள்ளே முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிறா. இவ்வளவு பாசம் வச்சிருக்காளேன்னு நினைச்சுக்கிட்டேன்.

"அப்புறம் அவன் என்ன பண்ணினான்?"ன்னா.

"மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டான்."

"அப்புறம்?"

"அவ அவனைக் கையைப் புடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போனா."

அவ அப்படியே நிக்கிறா. நான் ஏதோ செய்யணும்னு எதிர்பார்க்கிற மாதிரி நிக்கிறா. கை கூடக் கொஞ்சம் முன்னால வந்துச்சு. "அப்புறம்?"னு திரும்பவும் கேட்டா.

"அப்புறம் என்ன, விளக்கைப் போட்டுட்டான். படம் அவ்வளவுதான்."

"யாரு அந்தப் புருஷன்?"னு கேட்டா.

"அருணாசலம்னு எவனோ ஒரு பய. மன்னார்குடிக்காரனா இருக்கணும். நம்ம பேரையெல்லாம் நான் எடுக்க வச்சுட்டேன், நீ கவலைப்படாதே"ன்னேன்.

அவ கையை எடுத்துக்கிட்டா. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. கோபமாக் கூடப் பார்க்கல, அது இருந்தாலும் பரவாயில்ல. அப்புறம் படியேறி உள்ளே போயிட்டா. நான் பின்னாடியே போனேன், கதவைச் சாத்திட்டா. "மங்களம், மங்களம்"னு தட்டினேன். சகலை வந்து என் தோளைப் புடிச்சு, "வண்டிக்கு நேரமாச்சு, கிளம்புங்க"ன்னு ஸ்டேஷன் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க, நடுத்தெருவுல, சொல்றதுக்கு என்ன வெட்கம்.

நீங்களே சொல்லுங்க. அவ கேட்டது முழுப் படம். பார்த்துட்டேன். என்ன பார்த்தேன்னு கேட்டா. சொல்லிட்டேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும்? ஒரு காட்சி விடாம பார்த்தேங்க.